ஏல அறிவிப்பு வருவதற்குள் வீட்டை நீங்களே விற்பது எப்படி?

கோவை துடியலூர்ப் பக்கம் அண்ணன் கட்டிய வீட்டின் வாசல் சுவரில் வங்கி ஒட்டிவிட்டுப் போன தாளை, அம்மா ஈரத் துணியால் தேய்த்துக் கிழித்துவிட்டார். தெருவில் போகிறவர்கள் படித்துவிடக் கூடாதே என்ற பதற்றம் அவருக்கு. பாதித் தாள் துணியோடு வந்தது, மீதி சுவரிலேயே நின்றது. மறுநாள் வழக்கறிஞர் கேட்ட முதல் கேள்வி, "அதில் என்ன தேதி போட்டிருந்தது?" தேதி இருந்த பாதிதான் போயிருந்தது. வங்கிக்குப் போய் நகல் கேட்டு வாங்க நான்கு நாட்கள் ஆயின. அந்த வேளையில் நான்கு நாட்கள் என்பது பெரிய தொகை.

அதனால் எல்லாவற்றுக்கும் முன்னால் இதைச் சொல்லிவிடுகிறேன். வங்கியிலிருந்து எந்தத் தாள் வந்தாலும் கிழிக்காதீர்கள், வாங்க மறுத்துத் திருப்பி அனுப்பாதீர்கள். படம் எடுங்கள், தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். வீட்டைக் காப்பாற்றுவதா, நல்ல விலைக்கு விற்றுக் கடனை அடைப்பதா, ஏலத்தில் பறிகொடுப்பதா என்பது அந்தத் தேதிகளில்தான் இருக்கிறது.

தமிழ்நாட்டில் வங்கியிலோ வீட்டுக்கடன் நிறுவனத்திலோ கடன் வாங்கி, தவணை கட்ட முடியாமல் நிற்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். வழக்கறிஞரின் ஆலோசனைக்கு இது மாற்று ஆகாது. ஆனால் அவரிடம் போகும்போது என்ன கேட்பது என்று தெரிந்து போகலாம்.

முதலில் நாட்காட்டி

தவணை தவறிய முதல் நாளிலிருந்தே கணக்கு ஓடத் தொடங்குகிறது. 90 நாட்கள் நிலுவை நின்றால் கடன் வாராக்கடன் ஆகிறது. அதன் பிறகு 2002ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டம் வருகிறது. நீதிமன்றத்துக்குப் போகாமலேயே அடமானச் சொத்தை எடுத்து விற்க வங்கிக்கு அதிகாரம் தரும் சட்டம் இது.

முதலில் வருவது இந்தச் சட்டத்தின் 13(2) பிரிவின்படி அனுப்பும் அறிவிப்பு. 60 நாட்களுக்குள் முழுக் கடனையும் கட்டுங்கள் என்று அது கேட்கும். கணக்கில் தவறு இருந்தால் எழுத்தில் ஆட்சேபம் தெரிவிக்கலாம். வங்கி 15 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். 60 நாட்கள் கழிந்தால் 13(4) பிரிவின்படி சுவாதீன அறிவிப்பு, அதாவது சொத்தை வங்கி தன் வசம் எடுத்துவிட்டது என்று சொல்லும் தாள். வாசலில் ஒட்டப்படுவது இதுதான். ஏழு நாட்களுக்குள் இரண்டு நாளிதழ்களிலும் வரும், அவற்றில் ஒன்று தமிழ் நாளிதழாக இருக்கும். இது பெரும்பாலும் காகிதத்தில் எடுக்கும் சுவாதீனம்தான். நீங்கள் வீட்டிலேயே இருப்பீர்கள். ஆளை வெளியேற்றிப் பூட்டுப் போட வேண்டுமானால் 14ஆம் பிரிவின் கீழ் மாவட்ட ஆட்சியரிடமோ தலைமைக் குற்றவியல் நடுவரிடமோ வங்கி உத்தரவு வாங்க வேண்டும்.

பிறகு ஏல அறிவிப்பு. நாளிதழில் வெளியான நாளுக்கும் முதல் ஏல நாளுக்கும் இடையே 30 நாட்கள் இருக்க வேண்டும். அந்த ஏலத்தில் ஆள் வராவிட்டால் அடுத்ததற்கு 15 நாட்கள் போதும்.

இங்கேதான் பலர் ஏமாந்துபோகிறார்கள். ஏலம் நடக்கும் நாள் வரை பணம் கட்டி வீட்டை மீட்கலாம் என்று நினைக்கிறார்கள். முன்பு அப்படி இருந்தது. 2016 திருத்தத்துக்குப் பிறகு 13(8) பிரிவு தெளிவாக இருக்கிறது: முழுப் பாக்கியையும் கட்டி மீட்கும் உரிமை, ஏல அறிவிப்பு வெளியாகும் நாளோடு முடிந்துவிடுகிறது. செலிர் நிறுவனத்துக்கும் பாஃப்னா மோட்டார்ஸ் நிறுவனத்துக்கும் இடையிலான வழக்கில் 2023இல் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதற்குப் பின் வங்கி மனமிரங்கினால் உண்டு, உரிமையாகக் கேட்க முடியாது.

கூட்டிப் பாருங்கள். தவணை தவறிய நாளிலிருந்து 90 நாட்கள், அறிவிப்பின் 60 நாட்கள், இரண்டும் சேர்ந்து ஐந்து மாதங்கள். அதன் பின் எந்த வாரத்திலும் ஏல அறிவிப்பு வரலாம். ஒரு வீட்டுக்கு நல்ல ஆளைப் பிடித்து, விலை பேசி, பத்திரம் முடிக்க மூன்று மாதங்களாவது ஆகும். ஆகவே இரண்டாவது தவணை தவறும்போதே விற்பனையைப் பற்றி யோசிக்கத் தொடங்குங்கள். அண்ணன் தொடங்கியது ஆறாவது மாதத்தில். பம்ப்செட் உதிரிபாகப் பட்டறைக்கு ஆர்டர் வந்துவிடும், வந்துவிடும் என்று காத்திருந்தார்.

விற்கத்தான் வேண்டுமா?

இதை ஒரு வாரத்தில் முடிவு செய்யுங்கள். வருமானம் திரும்ப வரும் என்பதற்குக் கையில் ஆதாரம் இருந்தால் (நம்பிக்கையைச் சொல்லவில்லை, வேலை உத்தரவு போன்ற தாளைச் சொல்கிறேன்) தவணைக் காலத்தை நீட்டித்துத் தரும்படி எழுத்தில் கேளுங்கள். வாராக்கடன் ஆன கணக்கும் மொத்த நிலுவைத் தவணைகளையும் கட்டினால் சாதாரணக் கணக்காகத் திரும்பும். ஒரு தவணை, இரண்டு தவணை மட்டும் கட்டினால் திரும்பாது. கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டிக்கொண்டே போய், கடைசியில் வீடும் போய் அந்தப் பணமும் கரைந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கந்துவட்டிக்கு வாங்கி வங்கித் தவணை கட்டுவது மட்டும் வேண்டவே வேண்டாம். ஒன்பது சதவீதக் கடனை அடைக்க மாதத்துக்கு ஐந்து வட்டியில் வாங்கினால் எதுவும் மிஞ்சாது.

கடன் முடிப்புத் தாளை வாங்குங்கள்

கிளைக்குப் போய், இன்றைய தேதியில் கடனை முழுவதும் முடிக்க எவ்வளவு கட்ட வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். அண்ணனுக்குக் கொடுத்த தாளில் அசல், வட்டி, அபராதக் கட்டணம், அறிவிப்பு விளம்பரச் செலவு, மதிப்பீட்டாளர் கட்டணம் எல்லாம் சேர்த்து 27,40,000 ரூபாய் இருந்தது. கடைசி வரியில், பத்தாம் தேதிக்குப் பின் நாளொன்றுக்கு 694 ரூபாய் கூடும் என்று சின்ன எழுத்தில் போட்டிருந்தார்கள். அந்த வரியைத்தான் அண்ணன் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு மாதம் தள்ளிப்போட்டால் இருபதாயிரத்துக்கு மேல்.

தாளில் ஒவ்வொரு வரியையும் கேள்வி கேளுங்கள். தனிநபர் வாங்கிய மாறும் வட்டி வீட்டுக்கடனை முன்கூட்டியே முடிப்பதற்குக் கட்டணம் வாங்க ரிசர்வ் வங்கி விதிகள் அனுமதிக்கவில்லை. அபராதத்தை வட்டியோடு சேர்த்து, அதன் மேல் மறுபடியும் வட்டி போடுவதும் 2024 முதல் கூடாது. பழைய பழக்கத்தில் போட்டிருந்தால் நீக்கச் சொல்லுங்கள்.

கூடவே இரண்டு தாள்கள் கேளுங்கள்: வங்கியிடம் இருக்கும் அசல் ஆவணங்களின் பட்டியல், அவற்றின் நகல்கள். வாங்க வருகிறவரின் வழக்கறிஞர் முதலில் கேட்பது தாய்ப்பத்திரம், கிரயப் பத்திரம், பட்டா, கட்டட அனுமதி, சொத்துவரி ரசீது. அவற்றில் பாதி வங்கியின் பெட்டகத்தில்தான் இருக்கும். வில்லங்கச் சான்றைப் பதிவுத்துறை இணையதளத்திலேயே எடுத்துவிடலாம். கடன் வாங்கியபோது பதிந்த எம்.ஓ.டி., அதாவது உரிமை ஆவண ஒப்படைப்பு, அதில் வில்லங்கமாக நிற்கும். அதை மறைக்க முடியாது, மறைக்கவும் வேண்டாம்.

வங்கியின் சம்மதம் எழுத்தில்

13(2) அறிவிப்பு வந்த பிறகு வங்கியின் முன் எழுத்துச் சம்மதம் இல்லாமல் சொத்தை விற்கவோ குத்தகைக்கு விடவோ கூடாது என்று 13(13) பிரிவு தடுக்கிறது. அறிவிப்பு வராத நிலையிலும் கடன் ஒப்பந்தம் அதையேதான் சொல்லும். மேலாளர் வாயால் "விற்றுக்கொள்ளுங்கள் சார், எங்களுக்குப் பணம் வந்தால் போதும்" என்று சொன்னதை நம்பி ஒப்பந்தம் போடாதீர்கள். மேலாளர் மாற்றலாகிப் போவார், கோப்பு வசூல் பிரிவுக்குப் போகும், அந்தச் சொல் காற்றில் போகும்.

கடிதம் நீளமாக இருக்க வேண்டாம். கடன் எண், சொத்து விவரம், நானே விற்றுக் கடனை முழுவதும் அடைக்க விரும்புகிறேன், அதற்கு 90 நாட்கள் அவகாசமும் விற்பனைக்குச் சம்மதமும் வேண்டும், அதுவரை ஏல நடவடிக்கையை நிறுத்தி வையுங்கள். இவ்வளவுதான். கிளையில் கொடுத்து நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள், வசூல் பிரிவுக்கு விரைவுத் தபாலில் இன்னொன்று அனுப்புங்கள். வாங்குபவர் கையெழுத்திட்ட விலைக் கடிதம் ஒன்றை இணைத்தால் வங்கி கேட்கும் விதமே மாறுகிறது. ஏலம் விட்டு ஆள் வராமல் விலையைக் குறைத்து மறுபடி ஏலம் விடுவதைவிட, கைக்கு வரும் பணம் அவர்களுக்கும் நல்லது.

சம்மதம் வந்த பின்னும் நாளிதழைப் பார்த்துக்கொண்டே இருங்கள். ஒரு மேசையில் சம்மதம் தருவார்கள், இன்னொரு மேசை விளம்பரம் கொடுத்துவிடும்.

விலையும் வாங்குபவரும்

வழிகாட்டி மதிப்பு, அதாவது பத்திரப் பதிவுக்காக அரசு நிர்ணயித்த விலை, சந்தை விலை ஆகாது. ஆனாலும் அதற்கு வெகுவாகக் கீழே விற்காதீர்கள். முத்திரைத் தீர்வை அந்த மதிப்புக்குத்தான் கணக்காகும். அது விற்பனை விலையைவிட 10 சதவீதத்துக்கும் மேல் கூடுதலாக இருந்தால், உங்கள் மூலதன ஆதாயத்தையும் (வீட்டை விற்றதில் வரும் லாபம், அதற்கு வரி உண்டு) அதை வைத்தே கணக்கிடுவார்கள். உண்மை விலையை அறிய, அதே தெருவில் அண்மையில் விற்றவரிடம் நேரில் கேளுங்கள். வில்லங்கச் சான்றில் தெரியும் தொகை பெரும்பாலும் குறைத்துக் காட்டியது.

முதலில் போக வேண்டிய இடம் பக்கத்து வீடு. அவர்களுக்கு அந்த மனையின் நல்லது கெட்டது தெரியும், உறவினருக்காகவும் வாங்குவார்கள். அண்ணன் வீட்டை வாங்கியது இரண்டு வீடு தள்ளி இருந்தவரின் மாப்பிள்ளை. வெட்கத்தில் யாரிடமும் சொல்லாமல் ஊருக்கு வெளியே தரகரைத் தேடிக்கொண்டிருந்த இரண்டு மாதங்களும் வீண்.

வாங்குபவரிடம் முதல் நாளே உண்மையைச் சொல்லுங்கள்: கடன் இருக்கிறது, அறிவிப்பு வந்திருக்கிறது, பணம் நேராக வங்கிக் கணக்குக்குப் போகும், ஆவணம் வங்கியிலிருந்து வரும். இதைக் கேட்டுப் பின்வாங்குகிறவர் பத்து நாள் கழித்துப் பின்வாங்குவதைவிட இன்றே போகட்டும். சொந்தப் பணம் வைத்திருப்பவர் கிடைத்தால் இரண்டு லட்சம் குறைத்தும் கொடுக்கலாம். அவரும் கடன் வாங்கித்தான் வாங்குவார் என்றால், உங்களுக்குக் கடன் கொடுத்த அதே வங்கியில் வாங்கச் சொல்லுங்கள். ஆவணம் ஏற்கெனவே அங்கே இருக்கிறது, வேலை பாதியாகும். வேறு வங்கி என்றால், வாராக்கடன் கணக்கைப் பார்த்ததும் தயங்குவார்கள்.

முன்பணத்தை ரொக்கமாக வாங்காதீர்கள். 20,000 ரூபாயோ அதற்கு மேலோ சொத்து விற்பனைக்கு ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது, வாங்கிய அளவுக்கே அபராதம் வரலாம். எல்லாம் வங்கி வழியாகத்தான்.

பணம் போகும் வரிசை

தவறு நடப்பது பெரும்பாலும் இங்கேதான். நாங்கள் செய்த வரிசையைச் சொல்கிறேன்.

வங்கியின் சம்மதக் கடிதம் கையில் வந்த பிறகே கிரய ஒப்பந்தம் போட்டோம், அதைப் பதிவும் செய்தோம். பதிவு செய்த ஒப்பந்தம் வாங்குபவருக்குத் தைரியம் தருகிறது. விலை 36,00,000. வாங்குபவர் மூன்று லட்சத்தை நேராகக் கடன் கணக்கிலேயே கட்டினார், அண்ணன் கைக்கு ஒரு ரூபாயும் வரவில்லை. அது வங்கிக்கும் நல்ல அடையாளமாக இருந்தது. ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்திருந்தோம்: வங்கி ஆவணங்களை விடுவிக்காமல் போனால் இந்தத் தொகையை அண்ணன் திருப்பித் தர வேண்டும்.

பிறகு புதிய தேதிக்குக் கடன் முடிப்புத் தாள் வாங்கி, கடனில் மீதி நின்ற தொகையை வாங்குபவர் தன் கணக்கிலிருந்து நேராகக் கடன் கணக்குக்கு அனுப்பினார். பணம் ஏறிய அன்றே கடன் முடிந்த சான்றுக்கு எழுதிக் கொடுத்தோம். அசல் ஆவணங்கள் மையப் பெட்டகத்தில் இருந்ததால் அன்று கிடைக்கவில்லை. முழுப் பணமும் கட்டிய 30 நாட்களுக்குள் அசல் ஆவணங்களைத் திருப்பித் தந்து, பதிவான வில்லங்கத்தையும் நீக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. தவறு வங்கியுடையதென்றால் தாமதிக்கும் ஒவ்வொரு நாளுக்கும் 5,000 ரூபாய் இழப்பீடு. இந்த விதியைச் சொல்லி ஒரு கடிதம் கொடுத்தோம், பன்னிரண்டாம் நாள் ஆவணம் வந்தது.

அன்று காலை சார்பதிவாளர் அலுவலகத்தில் வங்கி அதிகாரி வந்து எம்.ஓ.டி.யை நீக்கும் ரசீது ஆவணத்தைப் பதிந்தார், மதியம் கிரயப் பத்திரம் பதிவானது. இரண்டையும் ஒரே நாளில் வைத்துக்கொள்ளுங்கள். இடையில் நாள் விட்டால் வாங்குபவருக்குத் தூக்கம் வராது. தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். இரண்டும் வாங்குபவர் பொறுப்பு. விலை 50 லட்சம் அல்லது அதற்கு மேல் என்றால் அவர் 1 சதவீதம் வரி பிடித்துக் கட்ட வேண்டும். அந்த ஒரு சதவீதத்தையும் கழித்துப் பார்த்து, கடனை அடைக்கப் போதுமா என்று கணக்குப் போடுங்கள். வீட்டு உரிமையாளர் வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ வசிப்பவர் என்றால் வரிப் பிடித்தம் இதைவிட வெகு அதிகம். இங்கே தன் சார்பில் கையெழுத்திட ஒருவருக்கு எழுதித் தரும் அதிகார ஆவணத்துக்கு (பவர்) இந்தியத் தூதரகச் சான்றொப்பமும் தேவைப்படும். அவர்கள் இன்னும் ஒரு மாதம் முன்பே தொடங்க வேண்டும்.

விற்றாலும் கடன் அடையாது என்றால்

இணையத்தில் "ஷார்ட் சேல்" என்று தேடினால் அமெரிக்க நடைமுறைதான் வரும். கடன் தொகையைவிடக் குறைந்த விலைக்கு விற்க வங்கி ஒப்புக்கொண்டு வில்லங்கத்தை விடுவிப்பதை அங்கே அப்படி அழைக்கிறார்கள். நம் சட்டத்தில் அந்தப் பெயரில் பிரிவு இல்லை. அதே வேலையை இங்கே செய்வது ஒருமுறைத் தீர்வு. வங்கி ஊழியர்கள் ஓ.டி.எஸ். என்பார்கள்.

எடுத்துக்காட்டாக, பாக்கி 42 லட்சம், அடுக்குமாடி வீட்டுக்குச் சந்தையில் 36 லட்சத்துக்கு மேல் கேட்பார் இல்லை என்று வைத்துக்கொள்வோம். வாங்குபவரின் விலைக் கடிதம், பதிவுபெற்ற மதிப்பீட்டாளரின் அறிக்கை, உங்கள் வருமானம் நின்றதற்கான சான்று (வேலை நீக்கக் கடிதம், மருத்துவமனை ரசீது, பட்டறையின் கணக்கு) எல்லாம் வைத்து, 35 லட்சத்தில் முடித்துக்கொள்ளும்படி விண்ணப்பிக்க வேண்டும். எடுத்தவுடன் வாங்குபவர் தரும் முழு விலையையும் எழுதிவிட்டால் பேரத்துக்கு இடமில்லாமல் போகும். விண்ணப்பத்தோடு ஒரு பகுதிப் பணம் கேட்பார்கள். அதைக் கடன் கணக்கில் போடாமல், தீர்வு நடக்காவிட்டால் திரும்பக் கிடைக்கும் தனிக் கணக்கில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். "நோ லீன்" கணக்கு என்று கேட்டால் புரிந்துகொள்வார்கள்.

இதை உரிமையாகக் கேட்க முடியாது. பிஜ்னோர் நகரக் கூட்டுறவு வங்கி வழக்கில் 2021இல் உச்ச நீதிமன்றம் அதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆகவே வங்கிக்கு இதனால் என்ன லாபம் என்பதை உங்கள் விண்ணப்பமே சொல்ல வேண்டும். ஏலச் செலவு, மாதக்கணக்கில் பூட்டிக் கிடக்கும் வீடு, ஆள் வராத ஏலம், இவற்றையெல்லாம் எழுதுங்கள்.

ஒப்புதல் கடிதத்தில் நான்கு வரிகளைத் தேடுங்கள். எவ்வளவு, எந்தத் தேதிக்குள். மீதித் தொகை முழுவதும் தள்ளுபடியா. ஜாமீன் போட்டவரும் விடுபடுகிறாரா. கடன் மீட்புத் தீர்ப்பாயத்தில் வழக்கு இருந்தால் அது வாபஸ் ஆகுமா. இரண்டாவது வரி இல்லாவிட்டால் கையெழுத்துப் போடாதீர்கள். விற்ற பணம் போதாவிட்டால் மீதிக்கு உங்கள் மேலும் ஜாமீன்தாரர் மேலும் வங்கி வழக்குப் போடலாம், 13(10) பிரிவு அதற்கு இடம் தருகிறது. பெரும்பாலும் மூன்று மாதங்களுக்குள் பணத்தை முடிக்கச் சொல்வார்கள். அதற்கு மேல் போனால் ரிசர்வ் வங்கியின் 2023 விதிப்படி அது கடன் மறுசீரமைப்பாகக் கருதப்படும், வங்கிகளுக்கு அது பிடிக்காது. தேதி தவறினால் சலுகை போய்விடும், கட்டியது பழைய கடனில் வரவாகிவிடும். ஆகவே வாங்குபவரின் பணம் தயாராக இல்லாமல் கையெழுத்திடாதீர்கள்.

யாரை நம்பக் கூடாது

அறிவிப்பு நாளிதழில் வந்த மறுநாளே தொலைபேசி ஒலிக்கும். "இரண்டு லட்சம் கொடுங்கள், ஸ்டே வாங்கித் தருகிறேன்." தடை என்பது கடன் மீட்புத் தீர்ப்பாயம் தருவது. சென்னை, கோவை, மதுரையில் இருக்கிறது. வங்கியின் நடவடிக்கையில் குறை இருந்தால் 45 நாட்களுக்குள் 17ஆம் பிரிவின் கீழ் மனுப் போடலாம். குறை இல்லாமல் நாளைக் கடத்துவதற்காக மட்டும் போட்டால் வட்டிதான் ஏறும்.

"வீட்டை எனக்குப் பவர் எழுதிக் கொடுங்கள், வங்கியை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்கிறவர் இன்னொரு வகை. பவரை வைத்து முன்பணம் வாங்கிக்கொண்டு காணாமல் போவார், கடனும் வழக்கும் உங்கள் பெயரில் நிற்கும். வங்கி வரட்டும் பார்க்கலாம் என்று ஒத்திக்கு ஆள் வைப்பதும் அப்படித்தான். அந்த ஏழைக் குடும்பத்தின் ஒத்திப் பணமும் சேர்ந்து போகும்.

வசூல் முகவர்கள் காலை 8 மணிக்கு முன்போ இரவு 7 மணிக்குப் பின்போ அழைக்கக் கூடாது, மிரட்டக் கூடாது. மீறினால் வங்கிக்கு எழுதுங்கள். 30 நாட்களில் சரியான பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமில்லாமல் புகார் செய்யலாம்.

பத்திரம் முடிந்த பிறகு

பணம் முழுவதும் வங்கிக்கே போனாலும் மூலதன ஆதாய வரி உண்டு. வாங்கிய விலையைவிட விற்ற விலை கூடியிருந்தால், கையில் காசு மிஞ்சவில்லை என்பதை வருமான வரித்துறை கணக்கில் கொள்ளாது. இரண்டு ஆண்டுகளுக்கு மேல் வைத்திருந்த வீடு என்றால் 12.5 சதவீதம். 2024 ஜூலை 23க்கு முன் வாங்கியதென்றால் பணவீக்கச் சரிக்கட்டலோடு 20 சதவீதம் என்ற பழைய முறையும் உண்டு, எது குறைவோ அதைக் கட்டலாம். கட்டுமானச் செலவு ரசீதுகளைத் தூக்கிப் போடாதீர்கள்.

புதிய வில்லங்கச் சான்று ஒன்று எடுத்து, ரசீது ஆவணமும் கிரயமும் ஏறியிருக்கின்றனவா என்று பாருங்கள். அடுத்து சிபில் அறிக்கை, அதாவது உங்கள் கடன் வரலாற்றைக் காட்டும் அறிக்கை. முழுப் பணமும் கட்டி முடித்திருந்தால் கணக்கு "க்ளோஸ்டு" என்று இருக்க வேண்டும். தள்ளுபடியோடு முடித்திருந்தால் "செட்டில்டு" என்று வரும், அது சில ஆண்டுகளுக்குப் புதிய கடன்களைத் தடுக்கும். அதே வங்கியில் குறைந்தது 12 மாதங்களுக்குப் புதுக் கடன் கிடைக்காது. தவறாக ஏறியிருந்தால் புகார் கொடுங்கள். 30 நாட்களில் திருத்தாவிட்டால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டு.

அண்ணன் முழுவதும் கட்டித்தான் முடித்தார். ஆனாலும் அறிக்கையில் "செட்டில்டு" என்றே இரண்டு மாதங்கள் நின்றது. கடன் முடிந்த சான்றை இணைத்துப் புகார் கொடுத்த பிறகு, இருபத்தோராம் நாள் மாறியது.